குரல் இல்லாத இசைத்தட்டு

சாம்பார் இறக்கியாகிவிட்டது. அப்பளமும் பொரித்தாயிற்று. ஆனால் யாரும் தட்டை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், லீவு நாள், ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து ஓர் இசைத்தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிரம் வந்தது. கிட்டார் வந்தது. அடியில் ஒரு பேஸ் கிட்டார் தும் தும் என்று நடந்துகொண்டே இருந்தது. அதற்கு மேலே ஓர் ஆர்கன், கொஞ்சம் குளறி, கொஞ்சம் அழுது, திடீரென்று சிரித்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நேரடிக் கச்சேரியில் பதிவு செய்த தட்டு என்பது அதிலேயே தெரிந்தது.

"எப்பப்பா பாட ஆரம்பிப்பான்?" என்றார் சண்முகம் அண்ணன்.

"பொறுங்கண்ணே, இப்பத்தானே மியூசிக் போகுது" என்றேன்.

முதல் உருப்படி முடிந்தது. யாரும் பாடவில்லை. இரண்டாவதும் முடிந்தது. பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். அதுவும் அப்படியே. சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம்.

ரியாத்தில், பத்தா கடைத்தெருவில் நான் வழிதவறி அலைந்த கதையைப் போன வாரம் சொன்னேன். அங்கிருந்து இரண்டு வருடத்தில் கிளம்பி துபாய்க்கு வந்தேன். இது அதற்கப்புறம் நடந்தது. எந்த வருடம் என்று கேட்காதீர்கள். மெட்ரோ ரயில் இன்னும் ஓடவில்லை, எல்லோர் கையிலும் பொத்தான் வைத்த போன், அவ்வளவுதான் ஞாபகம். அல் குசைஸில், கீழே ஒரு மலையாளியின் கஃபத்தேரியா, மேலே இரண்டாம் மாடியில் எங்கள் ரூம். நான் ஒரு பராமரிப்பு கம்பெனியில் ஏசி டெக்னீஷியன்.

ஜுமைராவில் கிடைத்தது

தட்டு எனக்கு வந்த விதம் இது. ஜுமைராவில் ஒரு வில்லா. அங்கிருந்த இங்கிலீஷ்காரம்மா வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு ஏசியைக் கழற்றிக் கொடுக்க நான் போயிருந்தேன். துபாயில் ஒரு குடும்பம் கிளம்புகிறது என்றால் பாதி வீடு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கள் ரூமில் இருந்த டிவி, நாற்காலி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அப்படி வந்தவைதான்.

"உனக்கு இசைத்தட்டு வேண்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மா. வெளியே இருந்த ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். பெட்டி நிறையத் தட்டுகள். ஆனால் எத்தனை கோடையை அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் கழித்தனவோ, ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம்போல வளைந்து கிடந்தன. அழுத்தினால் நிமிரும் என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன். உடைந்துவிட்டது. அந்த அம்மா சிரித்தார், எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

தப்பித்தது ஒன்றே ஒன்று. அது ஹாலில், ஏசியில், ரெக்கார்டு பிளேயரின் மேலேயே இருந்தது. அதற்கு அட்டை இல்லை. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம் வெறும் வெள்ளை. அதில் யாரோ பேனாவால் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தார்கள்: ஒன்று 'சோல்', இன்னொன்று 'லைவ்'. வாசித்தது யார், எந்த ஊர், எத்தனை பேர், ஒன்றும் கிடையாது.

"இது யார் வாசித்தது மேடம்?"

"என் கணவருக்குத்தான் தெரியும். அவருக்கே இப்போது ஞாபகம் இருக்காது" என்று சொல்லிப் பிளேயரோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டார்.

இண்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடலாம் என்று நினைத்தேன். தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏசி ஓடிவிட்டால் போதும் என்று மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள், நான் ஏன் நின்றது என்று தெரியாமல் நகரமாட்டேன். சூப்பர்வைசரிடம் இதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வெள்ளைக் காகிதம் என்னை அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

டிராக் என்று நினைத்தோம்

இங்கே சண்முகம் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மன்னார்குடிக்காரர். ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அது வயிற்றுக்கு. மனசுக்கு, எங்கள் பக்கத்துத் தமிழர் சங்கத்தின் விழாக் குழு. பொங்கல் விழா, ஆண்டு விழா எதுவானாலும் மேடை அவர் பொறுப்பு. பாடவும் செய்வார். நன்றாகவே பாடுவார், ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பது ஒன்றுதான் குறை.

குரல் இல்லாத சங்கீதம் என்றால் மேடைக்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான். அது டிராக். பாட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்துவிட்டு, வாத்தியத்தை ஓடவிட்டு, மேலே நம் ஆள் பாடுவது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். "தம்பி, இது டிராக்குப்பா. வாய்ஸ எடுத்துட்டாங்க. நாமதான் மேல பாடிக்கணும். சோல்னா ஆன்மாதானே? அப்ப இது பக்திப் பாட்டுதான், சந்தேகமே வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, முருகன் பேரில் சொந்தமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார். முதல் நாலு வரி, நம்புங்கள், அப்படியே பொருந்தியது. ஐந்தாவது வரியில் கிட்டார் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அண்ணன் விடவில்லை. மயிலோடு அதைத் துரத்திக்கொண்டே போனார். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆனால் டிராக் என்பதை நானும் நம்பினேன். தேராவில் பழைய கேசட், தட்டு விற்கும் ஒரு பாகிஸ்தானி கடை இருந்தது. அங்கே போய் ஆர்கன் மெட்டை வாயால் வாசித்துக் காட்டி, இதன் 'பாட்டு உள்ள' தட்டு வேண்டும் என்று இந்தியில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாஃபி பாய், மாஃபி" என்றார், அதாவது இல்லவே இல்லை. போய் டீ குடி என்று சொல்லாததுதான் பாக்கி.

ரூமில் டிராக் என்று ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான். குமரேசன் அண்ணன்.

டக் டக்

குமரேசன் அண்ணன் கோவில்பட்டிப் பக்கம். அலுமினிய வொர்க்‌ஷாப்பில் ஜன்னல் சட்டம் வெட்டுகிற வேலை. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையில் சுற்றி ஒரு கீபோர்டு வைத்திருந்தார். ஷிப்டு மாறித் தூங்குகிறவர்கள் இருக்கும் ரூம் என்பதால் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிப்பார். அவருக்குச் சங்கீதம். எங்களுக்குக் கேட்டதெல்லாம் கட்டை தட்டும் டக் டக் சத்தம் மட்டும்தான். நாலு வருடத்தில் அவர் வாசித்து ஒரு ஸ்வரம்கூட நான் கேட்டதில்லை.

தட்டை முதல் நாள் கேட்டபோதே அவர் சாப்பாட்டை மறந்தவர். நான் ஒரு வயர் செய்து கொடுத்தேன். பிளேயரிலிருந்து நேராக டேப்ரிக்கார்டருக்குக் கொடுத்து இரண்டு பக்கத்தையும் கேசட்டில் ஏற்றிக்கொண்டார். அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாக்மேனில் அதுதான்.

இரண்டாம் பக்கத்தில் கடைசி உருப்படி. அதில் ஓரிடம். டிரம்மும் கிட்டாரும் தணிந்து, ஆர்கன் மட்டும் தனியாகப் போகும். ரொம்ப மெதுவாக. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த இடத்தில், காரணமே இல்லாமல், கூட்டம் எழுந்து கத்தும். சாதாரணக் கைதட்டல் இல்லை. பொம்பளைகள் வீறிடுவது தனியாகக் கேட்கும். ஆர்கன் அந்தச் சத்தத்தில் முழுகியே போகும்.

ஏன் கத்தினார்கள்? இரண்டு மாதம் எங்கள் ரூமில் இதுதான் பேச்சு.

"கரண்டு போயி வந்துருக்கும்பா. நம்மூர்ல வந்தா கத்த மாட்டானா?" என்றார் சண்முகம் அண்ணன்.

"கரண்டு போனா ஆர்கனும்ல நின்னிருக்கணும்" என்றேன் நான். என் தொழில் அது.

"அப்ப யாராவது மேடையேறி ரூவா நோட்டு மாலை போட்ருப்பான்."

எனக்குத் தோன்றியது வேறு. அந்தக் கூட்டம் ஆர்கன்காரருக்குத்தான் கத்துகிறது என்று நினைத்தேன். நமக்குப் புரியாத ஏதோ ஒரு நுணுக்கத்தை அவர் அந்த இடத்தில் செய்திருக்கிறார், அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. குமரேசன் அண்ணனும் அதைத்தான் நம்புகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஏனென்றால் நாங்கள் கூச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே அவர் சொல்வது ஒன்றுதான்.

"ஏல, சத்தத்த விடு. அவன் அந்த எடத்துல என்ன பண்ணுதான்னு கேளு."

நானும் கேட்பேன். எனக்கு ஒன்றும் கேட்காது.

கேன்சல்

மார்கழி பிறந்தபோது குமரேசன் அண்ணனின் கம்பெனி ஒரு யூனிட்டை மூடியது. பன்னிரண்டு பேருக்கு விசா கேன்சல். அதில் அவரும் ஒருவர். பொங்கல் முடிந்த வாரம் டிக்கெட்.

அவர் அழவில்லை, புலம்பவில்லை. ஊரில் மச்சானோடு அலுமினியக் கடை போடுவதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஒரே ஒரு காரியம் செய்தார். சண்முகம் அண்ணனிடம் போய், "பொங்கல் விழாவுல எனக்கு ஒரு பத்து நிமிசம் குடுங்க. கீபோர்டு மட்டும். பாட்டு வேண்டாம்" என்று கேட்டார்.

நாலு வருடம் ஹெட்போனுக்குள்ளேயே வாசித்த மனிதர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாட்டு இல்லாமலா? ஜனம் எந்திரிச்சுப் போயிரும் குமரேசா. நீ வாசி, நான் பாடுறேன்."

"இல்லண்ணே. வாசிக்கது மட்டும்."

பேச்சு இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் சண்முகம் அண்ணன் ஒரு வழி சொன்னார். அந்த வருடம் சிறப்பு விருந்தினராக ஊரிலிருந்து ஒரு டிவி சீரியல் நடிகர் வருகிறார். வேறொரு விழாவில் தலையைக் காட்டிவிட்டு இங்கே வர வேண்டும், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. "பிள்ளைங்க டான்ஸ் முடிஞ்சதும் நீ ஏறு. கெஸ்ட் வர்ற வரைக்கும் வாசி. அவரு உள்ள வந்ததும் கலாஸ், அப்படியே நிப்பாட்டிரு. சரியா?"

குமரேசன் அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் எனக்கும் சண்முகம் அண்ணனுக்கும் பின்னால் பெரிய தகராறு.

பெரியவரும் குளிர்காற்றும்

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு ஓட்டலிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்தது. லவுஞ்சில் வாசிக்கும் கலைஞர் மேல் ஏசி காற்று நேராக அடிக்கிறதாம். காலை பத்து மணிக்குப் போனேன். ஆளில்லாத லவுஞ்சில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கறுப்பினப் பெரியவர் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிளாரன்ஸ் என்று பெயர் சொன்னார். அமெரிக்காவின் தென்பகுதிக்காரர், மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்திருக்கிறார்.

"இந்தக் காற்று என் விரல் மேலேயே விழுகிறது. விரல் விறைத்துப்போனால் நான் என்ன செய்ய?" என்றார்.

ஏணி போட்டு ஏறி, கூரையில் இருந்த காற்றுத் தடுப்பைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே அவர் சும்மா கையை ஓடவிட்டார். நான் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். அதே குளறல், அதே அழுகை, அதே சிரிப்பு. இறங்கி வந்து என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். "சார், இது சோல் மியூசிக்தானே?"

அவர் என்னுடைய யூனிஃபார்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது எங்கள் ஜனங்களின் சங்கீதம். உனக்கு எப்படித் தெரியும்?"

கதையைச் சொன்னேன். டிராக் என்று நினைத்ததையும், சண்முகம் அண்ணன் மேலே முருகன் பாட்டுப் பாடியதையும் சொன்னபோது மேஜையைத் தட்டிச் சிரித்தார். மறுநாள் மறுபடி வா, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ, அந்தக் கேசட்டையும் கொண்டு வா என்றார்.

குமரேசன் அண்ணனிடம் காரணம் சொல்லாமல் வாக்மேனை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பெரியவர் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கம் முழுவதையும் கேட்டார். வாசிப்பது யார் என்று அவருக்கும் தெரியவில்லை. "இப்படி ஊருக்கு ஒரு குழு இருந்தது" என்றார். கூச்சல் வரும் இடத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

"இந்தக் கூச்சல் எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது, கேள்."

கேட்டேன். இடது காதில் ஆரம்பித்தது. பிறகு நடுவில். பிறகு வலது காதுக்குப் போயிற்று. அத்தனை நாள் பிளேயரின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்ட எனக்கு அது தெரியவே இல்லை.

"மேடையில் ஏதாவது நடந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்" என்றார் அவர். "இது அப்படியில்லை. ஒரு ஆள் நடந்து வருகிறான். யாருக்குத் தெரிகிறானோ அவர்கள் முதலில் கத்துகிறார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பாடகர் முதலில் வரமாட்டார். குழு நாலைந்து உருப்படி வாசித்துக் கூட்டத்தைச் சூடாக்கி வைக்க வேண்டும். பிறகுதான் அவர் நடந்து வருவார். இது அவர் வந்த இடம்."

"அப்படியானால் அவர் பாட்டு எங்கே?"

"அவர் வேறு இசைத்தட்டு கம்பெனிக்குத்தான் பாடுவேன் என்று எழுதிக் கொடுத்தவராக இருப்பார். குரலைப் போட முடியாது. குழு வாசித்ததை மட்டும் தட்டாகப் போட்டிருப்பார்கள்."

"ஆர்கன் வாசித்தவருக்கு யாரும் கத்தவில்லையா சார்?"

"நானும் எத்தனையோ பாடகர்களுக்கு முன்னால் வாசித்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விரல்களை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். காற்றை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டார். திருப்பிக் கொடுத்தேன்.

சொல்வதா, வேண்டாமா

இரண்டு மாதமாக விடை வேண்டும் என்று அலைந்தவன் நான். விடை கிடைத்ததும் ஏன்தான் கேட்டோமோ என்று இருந்தது. உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் கீபோர்டுக்காரனுக்காக ஒரு கூட்டம் எழுந்து கத்தியிருக்கிறது என்ற தைரியத்தில்தான் இந்த மனிதர் மேடை கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அது பொய் என்று விழாவுக்கு முந்தின நாள் எப்படிச் சொல்வது?

சண்முகம் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு அவர் கவலை. "வாயத் தொறக்காத தம்பி. தெரிஞ்சா வாசிக்க மாட்டேன்னுருவான். கெஸ்ட் வர்ற வரைக்கும் மேடைய யாரு ஓட்டுறது?"

வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு நாள்தான் முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் போர்வையில் சுற்றிய கீபோர்டை இரண்டு பேருமாகப் படியிறக்கினோம். டாக்ஸிக்காகக் காத்து நின்றபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. பெரியவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன்.

குமரேசன் அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதக் கேக்கவா ஓட்டல் வரைக்கும் போன? ஏல, ஆள் வார சத்தம் எனக்குத் தெரியாதா? பதினோரு வருசம் கேட்டிருக்கேன்லா. முத நாளே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏண்ணே தினம் அதையே கேட்டீங்க?"

அவர் கீபோர்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். "எங்க குழுவுல மொதல்ல ஒரு மியூசிக் உண்டு. பாட்டு கெடையாது, ஆள் சேக்கதுக்கு. நான் போட்டது. ஏழு நிமிசம். தலைவரோ, தர்மகர்த்தாவோ, யாராச்சும் ஒரு ஆள் வருவாக. உடனே மொதலாளி கையக் காட்டுவாரு. அப்படியே நிறுத்திட்டு வரவேற்பு மியூசிக் அடிக்கணும். அதுக்கு ஒரு முடிவு போட்டு வச்சிருக்கேன் பாத்துக்க. ஒரு மேடையிலகூட அத வாசிச்சதில்ல."

டாக்ஸி வந்து நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அந்த ஆர்கன்காரனப் பாரு. அவ்வளவு பெரிய ஆள் நடந்து வாரான், ஊரே கத்துது. சத்தம் அடங்குனப்புறம் கேட்டியா? அவன் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கான். நிறுத்தல. மூணு சுத்து போயி, முடிச்சுட்டுத்தான் கைய எடுக்கான். அதத்தான் தெனம் கேட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே, கெஸ்ட் வந்ததும் நிறுத்தணும்னு சண்முகம் அண்ணன் சொன்னாரே?"

"யல்லா, ஏறு. நேரமாச்சு" என்றார்.

ஏழு நிமிடம்

ஒரு பள்ளிக்கூடத்தின் ஹால். எலெக்ட்ரிக் தெரிந்தவன் என்பதால் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் ஆடி முடித்துவிட்டு இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டு இறங்கின. வெள்ளைச் சட்டையில் குமரேசன் அண்ணன் ஏறினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பாதிப் பேர் காகிதத் தட்டில் சர்க்கரைப் பொங்கல் வாங்கப் பின்பக்கம் போய்விட்டார்கள்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். நாலு வருடம் டக் டக் என்று கேட்ட விரல்களிலிருந்து முதல் தடவையாக ஸ்வரம் வந்தது. இசைத்தட்டில் இருந்த மெட்டு அல்ல. கொட்டு மேளத்தின் நடை கொஞ்சம், மெல்லிசை கொஞ்சம், ஆர்கன் குரலில். எனக்குச் சங்கீதம் தெரியாது. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவு சொல்ல முடியும். முன்வரிசையில் ஒரு அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பின்கதவு திறந்தது. முதலில் கத்தியது பொங்கல் தட்டோடு பின்னால் நின்றவர்கள். பிறகு நடுவில் இருந்தவர்கள். பிறகு முன்வரிசை. நாற்காலிகள் உருண்டன. பிள்ளைகள் ஓடின. நடிகர் கைகூப்பிக்கொண்டு நடந்து வந்தார்.

மேடையின் ஓரத்தில் பொன்னாடையோடு நின்ற சண்முகம் அண்ணன் கையால் வெட்டிக் காட்டினார். குமரேசன் அண்ணன் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்.

"நிப்பாட்டு! குமரேசா!" அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, சவுண்ட கொறப்பா! கொற!"

என் கை சத்தத்தைக் குறைக்கும் திருகின் மேல்தான் இருந்தது. மேடைப் பொறுப்பாளர் சொன்னால் கேட்க வேண்டியது என் வேலை. ஒரு சுற்றுத் திருகினால் போதும். கையை எடுத்துப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். அதற்காக ஒரு மாதம் சண்முகம் அண்ணன் என்னோடு பேசாமல் சாம்பார் மட்டும் ஊற்றினார். சங்கமும் அதற்கப்புறம் என்னை ஒலிப்பெட்டிக்கு அழைக்கவில்லை.

நடிகர் முன்வரிசை வரை வந்துவிட்டார். மேடையில் சங்கீதம் நிற்கவில்லை, யாரும் அவரை மேலே கூப்பிடவில்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விழாக் குழுவினர் நாலு பேர் மாலையோடு அவரைச் சுற்றி அசடு வழிய நின்றார்கள்.

கூச்சல் மெல்ல அடங்கியது. அப்போதுதான் அந்த முடிவு வந்தது. வேகமெல்லாம் குறைந்து, வலது கையை எடுத்துவிட்டு, இடது கையால் மட்டும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். கடைசி ஸ்வரத்தில் விரலை வைத்து, அது தானாகத் தேய்ந்து ஓயும்வரை எடுக்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை. அடுத்த நொடியே மைக்கில், "நம்முடைய சிறப்பு விருந்தினர்..." என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குக் கைதட்டல் கூரையைப் பிளந்தது. நடிகரோடு போட்டோ எடுக்க எல்லோரும் படியேறிக்கொண்டிருக்க, குமரேசன் அண்ணன் ஒருவர் மட்டும் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக இறங்கி வந்தார். தை மாதக் குளிரில் சட்டை முழுக்க வேர்வை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். நன்றாக வாசித்தீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவரும் அதைக் கேட்கவில்லை.

"ஏல, முடிச்சிட்டேம்லா?" என்றார்.

"முடிச்சிட்டீங்கண்ணே" என்றேன்.